அந்தப் பட்டனை எங்கே வைப்பது?

தி.நகரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பர்ஸ் போய்விடும். ரங்கநாதன் தெருவில் கண்ணுக்கு இரண்டே வேலை: முன்னால் போகிறவர் காலை மிதிக்காமல் இருப்பது, கடை வாசலில் தொங்கும் விலைச்சீட்டைப் படிப்பது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை திறந்தார்கள். அதில் ஏறியவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேதான் பார்க்கிறார்கள்!

ஏதாவது ஒரு மொட்டை மாடியில் தெற்குப் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். மேல்காற்று அடிக்கும் நாளாக இருந்தால் கடல் பக்கமிருந்து அடையாறு, கிண்டி மேலாக விமானங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மீனம்பாக்கத்துக்கு இறங்கும். கடல்காற்று எழுந்துவிட்டால் அதே பாதையில் எதிர்ப்பக்கமாக ஏறிப் போகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அவ்வளவு ஒழுங்காக இருக்கும். பனகல் பார்க்கைச் சுற்றி ஆறேழு தெருக்கள் வந்து முட்டுகிற இடத்தில் சிக்னலைக் கழற்றிவிட்டு, எந்த வண்டியும் நிற்கவே கூடாது என்று உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? ஆகாயத்தில் நாள் முழுக்க அதுதான் நடக்கிறது. பிரேக் பிடித்து நிற்க அங்கே வழியே இல்லை.

அதை நடத்துகிறவர்களின் அறைக்குள்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். விமானம் என்றாலே குழந்தையாகிவிடுகிற ஆள் நான். ஆனால் இந்த விஷயத்தைத் தோண்டத் தோண்ட என்னைத் துள்ள வைத்தது விமானம் இல்லை. கன்ட்ரோலர்களின் சங்கங்கள் உலகம் முழுக்க எதற்காகவெல்லாம் சண்டை போட்டிருக்கின்றன என்ற கதைதான். சம்பளம், லீவு, ஷிஃப்ட் எல்லாம் உண்டு. கூடவே திருகு குமிழ், மெனு, விசைப்பலகை!

முதலில் அறை. விமானக் கட்டுப்பாடு என்றதும் நம் மனசில் கண்ணாடிக் கோபுரம் வரும். கோபுரத்துக்காரர்களின் ராஜ்யம் ஓடுபாதையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் வானமும்தான். மீதி வானம் முழுக்க சன்னலே இல்லாத ஒரு ஹாலில் இருக்கிறது. வெளிச்சம் மங்கல். பெரிய பெரிய திரைகள். ஒவ்வொரு விமானமும் ஒரு சின்னப் புள்ளி. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நகரும் ஒரு சின்னச் சீட்டு: விமானத்தின் பெயர், உயரம், வேகம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓர் அம்புக்குறி. ஒரு கன்ட்ரோலர் விமானியோடு பேசுவார். பக்கத்தில் பிளானர் என்று ஒருவர் அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தை இப்போதே வாழ்ந்துகொண்டிருப்பார். ஷிஃப்ட் மாறும்போது புதியவர் உடனே உட்காரமாட்டார். பின்னால் நின்று, ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருப்பார். முழுப் படமும் மண்டைக்குள் ஏறியபிறகுதான் நாற்காலி கைமாறும்.

நம் சென்னை அறை சாதாரண அறை இல்லை. இந்திய வான்வெளியை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 28 லட்சம் சதுர நாட்டிகல் மைல். அதில் பாதிக்கு மேல் கடல். தென்னிந்தியாவும் வங்கக் கடலின் பெரும் பரப்பும் சென்னையின் பங்கு. நள்ளிரவு தாண்டி நீங்கள் குறட்டை விடும்போது, சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற விமானங்கள் தலைக்கு மேல் பத்து கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் வரிசை கட்டுகின்றன. இங்கே இறங்குவதே இல்லை. ஆனாலும் சென்னையோடு பேசிவிட்டுத்தான் போகவேண்டும். போகிறபோது இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குக் கட்டணமும் உண்டு. சும்மா ஒன்றும் கடந்துவிட முடியாது!

கடல் மேல் ரேடார் எட்டாது. கரையிலிருந்து இருநூறு, இருநூற்றைம்பது நாட்டிகல் மைல் தாண்டினால் பூமியின் வளைவு மறைத்துவிடும். முன்பெல்லாம் கரகரவென்று இரையும் ஹெச்.எஃப். வானொலியில் விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும் நம்பி, இரண்டு விமானங்களுக்கு நடுவே ஏராளமான தூரத்தை விட்டுவைப்பார்கள். பிறகு செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. கன்ட்ரோலர் தட்டச்சு செய்கிறார், நடுக்கடலுக்கு மேல் விமானி அறையில் செய்தி ஒளிர்கிறது, அவர் பதில் அழுத்துகிறார். இப்போது சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களே விமானங்களின் சமிக்ஞையைப் பிடித்துக் கீழே அனுப்புகின்றன. ஏரியான் என்ற நிறுவனத்தோடு ஆணையம் இதற்காக ஒப்பந்தம் போட்டது.

இதற்கு நடுவே உயரத்திலும் ஒரு புரட்சி நடந்தது. 2003 நவம்பருக்கு முன், 29,000 அடிக்கு மேல் விமானங்களுக்கு நடுவே செங்குத்தாக 2,000 அடி விடவேண்டும். அதை 1,000 அடியாக்கினார்கள். 29,000-லிருந்து 41,000 அடிவரை ஏழே அடுக்கு இருந்த இடத்தில் பதின்மூன்று அடுக்கு! புது வானம் எதுவும் வாங்காமல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். அடுத்து மேல்வானத்தை ஒன்றாக்கினார்கள். பெங்களூரு, ஹைதராபாத், திருவனந்தபுரம் என்று ஊருக்கு ஊர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்த உயரப் பறப்புகளை, பல ஊர் ரேடார்களின் படத்தையும் ஒரே திரையில் தைத்து, சென்னையிலிருந்தே நடத்துகிறார்கள். விமானிக்குப் பேச்சு குறைந்தது. சென்னை நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆனது? அங்கேதான் சங்கம் உள்ளே நுழைகிறது.

ஏ.டி.சி. கில்டு. விமான நிலையங்கள் ஆணையத்தின் கன்ட்ரோலர்களுக்கான அமைப்பு. கோஷம் போட்டு ஊர்வலம் போகிற சங்கமாக மட்டும் இதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உலக அளவில் இஃபாட்கா என்ற கூட்டமைப்பு இருக்கிறது. 1961 அக்டோபர் 20 அன்று ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அந்தத் தேதிதான் இன்றும் கன்ட்ரோலர்கள் தினம். இஃபாட்காவின் கொள்கை ஏட்டைப் புரட்டினால் கூலிப் பேச்சு அதிகம் இருக்காது. கருவியை வடிவமைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அதில் உட்காரப்போகிறவர் கூட இருக்கவேண்டும், எந்திரம் மனிதருக்குத் துணையாக இருக்கவேண்டும் என்கிற மாதிரி விஷயங்கள்தான் பக்கம் பக்கமாக.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இங்கே கொஞ்ச நேரம் சிரிப்பை ஒதுக்கி வைக்கவேண்டியிருக்கிறது. 1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. இறங்கிக்கொண்டிருந்த கசாக் விமானத்துக்கு 15,000 அடி. கசாக் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே போனது. ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி மேல் இரண்டும் மோதி 349 பேரும் இறந்தார்கள். அன்றைக்கு டெல்லி ரேடார் திரையில் விமானம் இருக்கும் இடம் தெரியும், உயரம் தெரியாது. உயரத்தையும் காட்டும் புதிய கருவிகளுக்கான நவீனமயத் திட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது, முடியவில்லை. நீதிபதி ஆர்.சி.லகோட்டி தலைமையிலான விசாரணைக் குழு இரண்டு விமான நிறுவனங்களோடு கன்ட்ரோலர்கள் கில்டின் வாக்குமூலத்தையும் பதிவு செய்தது. தவறு உயரத்தை விட்டிறங்கிய விமானத்துடையது என்று முடிவாயிற்று. வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதைகள், விமானத்துக்குள்ளேயே மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதெல்லாம் அதன்பிறகு வந்தவை. நவீனமயம் தாமதமானால் என்ன ஆகும் என்று இந்தியக் கன்ட்ரோலர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

சரி, மறுபடி குமிழுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் எனக்குக் கை பரபரக்கிறது.

1996 செப்டம்பரில் அமெரிக்க அரசு தன் விமான நிலைய ரேடார் அறைகளுக்கெல்லாம் ஸ்டார்ஸ் என்ற புதிய அமைப்பைப் பொருத்த ரேதியான் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. டெல்லியிலும் மும்பையிலும் 1990-களின் கடைசியில் வந்த கருவிகளும் இதே நிறுவனத்துடையவைதான். அமெரிக்காவின் எண்ணம் எளிமையானது: ஏற்கெனவே தயாராக இருக்கும் மென்பொருளை வாங்கு, மாற்றாதே, பொருத்து, பணத்தை மிச்சம்பிடி. கன்ட்ரோலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மெனுவைத் திறந்தார்கள். அது விரிந்து, கீழே இருந்த விமானத்தை மறைத்துக்கொண்டு நின்றது!

பழைய கருவியில் திருகு குமிழ்கள் இருந்தன. கண் திரையில் இருக்க, கை தானாகப் போய்த் திருகும். வெளிச்சம் கூடும், குறையும். புதியதில் அதற்கு மெனுவுக்குள் போய், இன்னொரு மெனுவுக்குள் போய்… விசைப்பலகையின் எழுத்து வரிசையும் வேறு. அமெரிக்கக் கன்ட்ரோலர்களின் சங்கமான நாட்கா கொடி பிடித்துவிட்டது. ஒரு குமிழுக்காகவா இத்தனை ரகளை என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்கள் நிமிடத்துக்குச் சுமார் 16 நாட்டிகல் மைல் நெருங்கும். நடுவானில் அவற்றுக்கு இடையே இருக்கவேண்டிய ரேடார் இடைவெளி 5 மைல். அந்த மெனுவைத் தேடிக் கண் இருபது விநாடி அலைந்தால் 5 மைலும் காலி. குமிழ் சும்மா இல்லை, ஐயா!

கடைசியில் திரும்ப வடிவமைத்தார்கள். செலவும் கூடியது, வருடமும் போனது. 1999 கடைசியிலும் 2000 தொடக்கத்திலும் எல் பாஸோ, சிராக்யூஸ் என்ற இரண்டு ஊர்களில் முதல் வடிவம் ஓடத் தொடங்கியது. இதில் பாடம் கற்றிருக்கவேண்டுமே? இல்லை. அடுத்த பத்தாண்டில், உயர வானத்தை நடத்தும் எராம் என்ற அமைப்பை உருவாக்கும்போது மறுபடியும் சங்கத்தை வெளியே வைத்தார்கள். சால்ட் லேக் சிட்டியில் பொருத்திப் பார்த்தபோது கோளாறுமேல் கோளாறு. பிறகு நாட்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வேலையைச் சரிசெய்து, 2015-ல் நாடு முழுக்க முடித்தார்கள்.

ஆனால் கன்ட்ரோலர்கள் உள்ளே இருந்தால் எல்லாம் இனிக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. இதே அமெரிக்காவில் இதற்கு முன்னால் ஒரு பெருந்திட்டம் நடந்தது. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,345 கன்ட்ரோலர்களை அதிபர் ரீகன் ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுடைய பாட்கோ சங்கமும் அழிந்தது. அந்தக் கையோடு, எல்லாவற்றையும் கணினிமயமாக்குகிறோம் என்று அறிவித்து, 1988-ல் ஐ.பி.எம். நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான டாலர் கரைந்தபிறகு 1994-ல் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். காரணங்களில் ஒன்று: என்ன வேண்டும் என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. காகிதத் துண்டுச் சீட்டில் கன்ட்ரோலர்கள் பேனாவால் செய்யும் ஒவ்வொரு பழக்கத்தையும் திரையில் அப்படியே கொண்டுவர முயன்று மென்பொருள் மூச்சுத் திணறியது. பழக்கம் வேறு, தேவை வேறு. உட்காருகிறவருக்கே அந்த வித்தியாசம் சில சமயம் தெரியாது. அவர்கள் பேசினால் கேட்கவேண்டும். சொன்னதையெல்லாம் செய்யவேண்டும் என்று அர்த்தமில்லை.

கனடாக்காரர்கள் கொஞ்சம் சாமர்த்தியம். 1996-ல் விமானக் கட்டுப்பாட்டை லாப நோக்கமில்லாத நாவ் கனடா என்ற தனி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதன் இயக்குநர் குழுவில் தொழிற்சங்கங்கள் அனுப்பும் இரண்டு பேருக்கு இடம். மென்பொருளை வெளியே வாங்காமல், கன்ட்ரோலரையும் புரோகிராமரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பல கருவிகளை அவர்களே எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அதை வெளிநாட்டுக்கு விற்றார்கள். சண்டை போடுகிறவரைச் சம்பளத்தோடு உள்ளே வைத்துக்கொண்டு காசு பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

நம்மிடம்? அறைக்குள் நடக்கும் வேலையில் கன்ட்ரோலர்களுக்கு இடம் உண்டு. புதிய பாதையோ கருவியோ வந்தால் எது எது தவறக்கூடும் என்று பட்டியல் போடுவதும், சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பதும், பழைய அமைப்பு ஓடிக்கொண்டிருக்க அதன் நிழலில் புதியதை ஓடவிட்டு ஒப்பிடுவதும் அவர்கள் இல்லாமல் நடக்காது. இந்த மாற்றங்களைப் பொதுவாகக் கூட்டம் குறைவான இரவு நேரத்தில் வைத்துக்கொள்வார்கள். சென்னையில் அதுவும் சிரமம். நமக்குப் பன்னாட்டு விமானங்கள் வந்து குவிவதே நள்ளிரவுக்குப் பிறகுதானே! ஆனால் இவை தனித்தனிக் கன்ட்ரோலர்கள் ஊழியராகச் செய்யும் வேலை. என்ன வாங்குவது, எப்போது மாற்றுவது என்று முடிவாகும் மேசையில் கில்டுக்கு, கனடாவில் இருப்பதுபோல, நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கடிதம் எழுதுவார்கள்.

2025 ஜூலையில் கில்டு அப்படி ஒரு கடிதத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியது. டெல்லி, மும்பை போன்ற விமான நிலையங்களில் தானியங்கி அமைப்புகள் மந்தமாகின்றன, பதில் சொல்லத் தாமதிக்கின்றன; அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் தரத்தோடு ஒப்பிட்டு மேம்படுத்தவேண்டும் என்று கேட்டது. சஞ்சய் குமார் ஜா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு ஆகஸ்டில் தாக்கல் செய்த விமானப் பாதுகாப்பு அறிக்கையில் இந்தக் கவலைக்கு இடம் கொடுத்தது. சில மாதம் ஓடியது.

நவம்பர் 6. டெல்லியில் செய்திகளைப் பிரித்து அனுப்பும் ஏ.எம்.எஸ்.எஸ். என்ற அமைப்பு படுத்துவிட்டது. ஒவ்வொரு விமானத்தின் பயணத் திட்டமும் அதன் வழியாகத்தான் கன்ட்ரோலரின் திரைக்குப் போய்ச் சேரவேண்டும். போகவில்லை. கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு திட்டத்தையும் கையால் உள்ளிட்டார்கள். மறுநாள் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். பயணிகள் தரையில் உட்கார்ந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

“பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னார்கள்!” என்று பலரும் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நானும் ஒரு நிமிடம் போட்டேன். ஆனால் கவனமாகப் பார்த்தால் கில்டு விரல் நீட்டியது ஒரு பெட்டியை. விழுந்தது பக்கத்துப் பெட்டி. தீர்க்கதரிசனம் என்று மாலை போடவேண்டியதில்லை. எந்தக் கருவி மூச்சு வாங்குகிறது என்று தினமும் அதன் முன்னால் இருக்கிறவர்களுக்குத் தெரிகிறது, அது மேலே காதில் விழ எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதவேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2021-ல் விமானக் கட்டுப்பாட்டு அமைப்புகளை உள்நாட்டிலேயே உருவாக்க ஆணையமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் கைகோத்தன. மெனு எங்கே விரியும், குமிழ் இருக்குமா என்பதை நம் ஊர்க்காரர்களே முடிவு செய்யலாம். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு புலம்பத் தேவையில்லை. அருமையான வாய்ப்பு.

சென்னைக்கு இது இன்னும் சுவாரசியம். ஏனென்றால் நம் வானத்தில் வாடகைக்காரர்கள் அதிகம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கடல் மேல் ஒரு பெரிய துண்டை மூடிவிட்டுப் பாதைகளை வளைக்கவேண்டும். தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமான சாகசம் பார்க்க ஊரே திரண்டபோது, ஒத்திகை நாட்களிலும் சேர்த்து மீனம்பாக்கத்தில் குறிப்பிட்ட நேரங்களில் விமானங்களை நிறுத்திவைத்தார்கள். 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது, கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அறிவித்தார். அந்த 1,000 கோடியை மிச்சம்பிடிப்பது, “இன்றைக்கு இரண்டு மணியிலிருந்து நான்குவரை இந்தத் துண்டு உங்களுக்கு” என்று படையினரோடு பேசி வாங்கி, அந்த இடுக்கில் விமானத்தைச் செருகுகிற கன்ட்ரோலர்.

இனி பரந்தூர். புதிய விமான நிலையத்துக்கு 2025-ல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் வந்தது. நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்தில் 2022 முதல் நடக்கும் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே இருக்கும் வானத்தின் தகராறு பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. பரந்தூருக்குப் பக்கத்திலேயே அரக்கோணம். மீனம்பாக்கத்துக்கு மேற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் தாழ்ந்து வரும் வானமும் தூரத்தில் இல்லை. இரண்டு விமான நிலையங்களும் ஒன்றாக இயங்கினால் ஏறுகிறவை, இறங்குகிறவை, கடற்படை, ராக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே வானத்தில் கோடு போடவேண்டும். முதல் கோடுகள் சிமுலேட்டரில் ஏறும் நாளில், அவற்றைத் திட்டிக்கொண்டே ஓட்டிப்பார்க்கப் போகிறவர்கள் யாரென்று இப்போதே தெரியும். பென்சில் எடுக்கும்போதே அவர்களைக் கூப்பிட்டுவிட்டால் திட்டு கொஞ்சம் குறையும்.